பிள்ளைகளோடு விமானம் ஏறும்போது தாயின் கையில் எந்தப் பை?

திருச்சிக்கோ சென்னைக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படும் வீடுகளில் பை கட்டும் வேலை பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பிள்ளையின் உடுப்பு, பால்மா, பம்பஸ், பிஸ்கட், காய்ச்சல் மருந்து எல்லாம் கணக்காக அடுக்கப்படும். தாயின் சாமான்கள் மட்டும் கடைசி இரவில், எங்கே இடம் மிச்சமோ அங்கே செருகப்படும். மூக்குக்கண்ணாடி ஒரு பையில், பிரஷர் மாத்திரை இன்னொன்றில், போனின் சார்ஜர் பெரிய சூட்கேசுக்குள். பயணத்தில் யார் தடுமாறினால் எல்லாமே தடுமாறுமோ, அவருக்கென்று ஒரு பை இல்லை. அந்தப் பையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தகப்பன் தனியாகக் கூட்டிப் போனாலும் இதே கணக்குத்தான்.

இலங்கையின் மலையகத்திலிருந்து போகும் நமக்கு கொழும்புக்காரருக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், சென்னைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் இறங்கிச் சேர நான்கைந்து மணி நேரமாவது ஆகும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் என்றால் அதற்கும் மேல். பிள்ளை வாந்தி எடுப்பது பெரும்பாலும் ஆகாயத்தில் இல்லை, கினிகத்தேனை இறக்கத்திலும் இறம்பொடை வளைவுகளிலும்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கட்டுநாயக்க கடல் மட்டத்தில். நடுச்சாமத்தில் ஸ்வெட்டரும் தொப்பியும் காலுறையும் போட்டு ஏற்றிய பிள்ளை, விடியும்போது வியர்த்துக் கொட்டி எல்லாவற்றையும் கழற்றி எறியும். கழற்றியதெல்லாம் யார் கையில் வந்து சேரும்? கைப்பை விமானத்துக்கு என்று கட்டப்படுகிறது, விமான நிலைய வாசலுக்கு வரும்போதே பிதுங்கிப்போய் நிற்கிறது.

ஆகவே பையின் வகையைப் பார்க்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி, வேனுக்கென்று தனியாக ஒரு பை வைப்பதா, இல்லையா என்பது. வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் பக்கத்தில் வழியனுப்ப அப்பாயி, தாத்தா, மாமா, சித்தி என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவது வழக்கம். அந்த வேன் திரும்பி வீட்டுக்குத்தான் போகிறது. சுடுதண்ணிப் பிளாஸ்க், கனத்த ஸ்வெட்டர்கள், போர்வை, வாந்திக்கு வைத்த பைகள், வழியில் தின்ன ரொட்டி, ஈரத் துண்டு எல்லாம் ஒரு பழைய துணிப்பையில் இருக்கட்டும். வாசலில் இறங்கும்போது அந்தப் பை வேனிலேயே இருந்துவிடட்டும். திரும்பி வரும் நாளில் கூப்பிட வருகிறவர்கள் அதே பையைக் கொண்டுவந்தால் இரவில் மலை ஏறும்போது ஸ்வெட்டர் கையில் இருக்கும். ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்புக் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து 187 பஸ்ஸில் கட்டுநாயக்கவுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் கனத்த ஸ்வெட்டரை விட்டு, ஆளுக்கொரு மெல்லிய ஸ்வெட்டரும் தாய்க்கு ஒரு பெரிய சால்வையும் எடுப்பது நல்லது. சால்வை குளிருக்குப் போர்வை, பிள்ளை தூங்கினால் தலையணை, பால் கொடுக்கும்போது மறைப்பு. ஸ்வெட்டர் ஒரு வேலைதான் செய்யும்.

பிளாஸ்க் பற்றி ஒரு வார்த்தை. பால்மாவுக்குச் சுடுதண்ணி வேண்டும் என்று ஒரு லீற்றர் பிளாஸ்க்கை விமானம்வரை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிறைந்த பிளாஸ்க் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், பாதுகாப்புச் சோதனையில் கேள்வியும் வரும். ஒரு வேளைக்கு வேண்டிய பால்மாவை அளந்து சிறு டப்பாக்களில் காய்ந்த நிலையில் கொண்டுபோய், சுடுதண்ணியை விமானப் பணியாளரிடம் கேட்டு வாங்கி, ஆற வைத்துக் கலப்பது எவ்வளவோ இலகு.

இனி, ஒரே பையா, தனித்தனிப் பையா? ஒரே பைக்காரர்கள் சொல்லும் நியாயம் பலமானது. கண்காணிக்க ஒன்றுதான் இருக்கும், எதையும் எங்கேயும் விட்டுவிட்டு வரமாட்டோம். தனியாக இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவருக்கு ஒவ்வொரு கூடுதல் பையும் ஒரு கூடுதல் பிள்ளை மாதிரித்தான். ஆனாலும் ஒரே பையின் குறை வரிசையில் நிற்கும்போது தெரிந்துவிடும். பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் துடைக்கத் துணி எடுக்கவும், பசித்தால் பிஸ்கட் எடுக்கவும் திறக்கிற அதே வாயில்தான் எல்லோருடைய கடவுச்சீட்டும் இருக்கிறது. பத்துத் தடவை திறந்து மூடுகிற இடத்தில் தொலையக் கூடாத சாமான் இருக்கக் கூடாது. கட்டுநாயக்கவில் கட்டடத்துக்குள் நுழையும்போதே பைகளைச் சோதிப்பார்கள், விமானம் ஏறும் வாயிலுக்கு முன் மறுபடியும் சோதிப்பார்கள். இந்திய விமான நிலையங்களில் போன், சார்ஜர், பவர் பேங்க் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே பையின் அடிவரைக்கும் துழாவி இவற்றை எடுப்பது பின்னால் நிற்கிறவர்களுக்கும் சோதனை.

அதனால் பிரிப்பதுதான் நல்லது. எத்தனையாகப் பிரிப்பது என்பதைத் துணைக்கு யார் வருகிறார் என்பதும் பிள்ளையின் வயதும் முடிவு செய்யும். ஸ்ரீலங்கன், இண்டிகோ போன்றவற்றின் சாதாரண வகுப்பில் ஆளுக்கு 7 கிலோ கைப்பை எடுக்கலாம். இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும், அப்போது பிள்ளையின் பேரிலும் ஒரு கைப்பை போகும். மடியில் வரும் கைக்குழந்தைக்குப் பல நிறுவனங்கள் தனிக் கைப்பை தருவதில்லை. நான்கு வயதுப் பிள்ளையோடு போகிற தாய் இரண்டு பை எடுக்கலாம், பத்து மாதக் குழந்தையோடு போகிறவர் தன் 7 கிலோவுக்குள் இரண்டு பேரின் சாமானையும் அடக்க வேண்டும். டிக்கெட் எடுத்த இடத்திலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் கவுன்டரில் பையைப் பிரித்துக் கொட்ட வேண்டி வராது.

பைகளின் வகைக்கு வருவோம். நம் தாய்மார் அதிகம் எடுப்பது தோளில் மாட்டுகிற கைப்பை. கோயிலுக்கும் டவுனுக்கும் கிளினிக்குக்கும் அதுதான் பழக்கம், எது எங்கே இருக்கிறது என்று கை தானாகத் தேடிப் போகும். எட்டு வயதுக்கு மேற்பட்ட, தானே நடக்கிற, தானே தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளோடு போகிறவருக்கு அதுவே போதும், புதிதாக ஒன்று வாங்க வேண்டாம். சிறு பிள்ளை என்றால் கதை வேறு. குனிந்து பிள்ளையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தோள்பட்டை நழுவிப் பை முழங்கைக்கு வந்துவிடும். தூங்குகிற பிள்ளையின் தலை ஒரு தோளில், பை மறு தோளில் என்று நின்றால் போர்டிங் பாஸை நீட்டக் கை இருக்காது. வாய் முழுக்கத் திறந்த, ஒரு காந்தப் பொத்தான் மட்டும் உள்ள பைகளோ இருக்கைக்கு அடியில் சரிந்து விழுந்தால் உள்ளதெல்லாம் முன்வரிசைக்கு உருண்டு போகும்.

அடுத்தது சக்கரம் வைத்த சின்ன டிராலி. பார்க்க அழகு, பளபளத் தரையில் விரலால் தள்ளினாலே ஓடும். முதுகுவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்குச் சொல்லமாட்டேன், காரணம் நிறைய. வெறும் டிராலியே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், 7 கிலோவில் அவ்வளவும் பெட்டிக்கே போய்விடும். எல்லா விமானமும் பாலம் வழியாக ஏறுவதில்லை. பஸ்ஸில் கூட்டிப்போய்ப் படிக்கட்டில் ஏறச் சொல்லும்போது ஒரு கையில் பிள்ளை, மறு கையில் டிராலி, கைப்பிடிச் சட்டத்தைப் பிடிக்கக் கை இல்லை. உள்ளே போனால் அது மேல்தட்டுக்குத்தான் போகும். பெல்ட் போட்டிருக்கச் சொல்லும் நேரத்தில் பிள்ளைக்கு ஏதாவது வேண்டும் என்றால் எடுக்க வழியில்லை.

இதற்கெல்லாம் மேலான ஆபத்து ஒன்று இருக்கிறது. விமானம் நிறைந்திருந்தால் வாயிலிலேயே டிராலிகளை வாங்கி அடியில் உள்ள சாமான் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கொடுக்கும் பெட்டிக்குள் மருந்து, கடவுச்சீட்டு, பவர் பேங்க் இருக்கக் கூடாது. பவர் பேங்க்கும் தனி லித்தியம் பேட்டரிகளும் சாமான் அறைக்குப் போகவே கூடாது என்பது எல்லா நாட்டிலும் உள்ள விதி, தீப்பிடித்தால் அங்கே அணைக்க ஆள் இல்லை. பயணியின் கையோடு 100 வாட் மணி வரையிலான பவர் பேங்க் போகலாம். கடைகளில் 20,000 மில்லி அம்பியர் மணி என்று விற்பது ஏறத்தாழ 74 வாட் மணி, அதனால் பயமில்லை. ஆனால் 2025இல் இருந்து சில நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் மேல்தட்டில் வைக்கவும் தடை போட்டிருக்கின்றன. ஆகவே அது இருக்க வேண்டிய இடம் காலடியில் இருக்கும் பை. டிராலிதான் எடுப்பேன் என்கிறவர், இந்தச் சில சாமான்களையாவது உடம்போடு இருக்கும் வேறு பையில் வைக்க வேண்டும்.

முதுகுப்பை இந்த மூன்றில் முந்துகிறது. இரண்டு கையும் பிள்ளைக்கு மிச்சம். பள்ளிக்கூடப் பை அளவில், இருபது லீற்றருக்குப் பக்கத்தில் உள்ளது முன் இருக்கைக்கு அடியில் நுழையும், வெறும் பை ஒரு கிலோகூட வராது. புதிதாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை, மூத்த பிள்ளையின் நல்ல பள்ளிப்பை ஒன்று போதும். குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு போகிறவருக்கு முன்பாரத்துக்கு ஈடாகப் பின்பாரம் அமையும். குறை என்னவென்றால், முதுகில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கூட்டத்தில் யார் ஜிப்பைத் தொட்டாலும் தெரியாது, வரிசையில் ஒரு காகிதம் எடுக்க வேண்டுமானாலும் கழற்றி இறக்க வேண்டும்.

அந்தக் குறையை அடைக்கத்தான் நெஞ்சுக்குக் குறுக்கே போடுகிற சின்னப் பை. பஸ் கண்டக்டர் பை அளவுக்குக்கூட வேண்டாம், எல்லோருடைய கடவுச்சீட்டும் தட்டையாக உள்ளே போனால் சரி. கடவுச்சீட்டு, போர்டிங் பாஸ், விசாவின் அச்சுப் பிரதி, கொஞ்சம் பணம், போன், பேனா, அன்றைய மாத்திரை, நாலு டொபி. இதற்கு மேல் எதையும் இதற்குள் விடாதீர்கள். நிறைந்தால் இதுவும் இன்னொரு கைப்பை ஆகிவிடும். சோதனையில் மட்டும் கழற்றித் தட்டில் வைக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம், பிள்ளை தூங்கினாலும் கழிவறைக்குப் போனாலும், உடம்பில் இருக்கட்டும்.

ஆகவே தனியாகப் பிள்ளைகளோடு போகும் தாய்க்கு என் தேர்வு குறுக்குப் பை ஒன்று, முதுகுப்பை ஒன்று. தனி இருக்கை உள்ள பிள்ளை இருந்தால் அதன் முதுகில் அது சுமக்கக்கூடிய ஒரு சின்னப் பை. அதில் ஒரு பொம்மையும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் மட்டும் இருக்கட்டும், பிள்ளை களைத்தால் அந்தப் பையும் தாயின் கைக்குத்தான் வரும். முதுகுப்பைக்குள் பிள்ளையின் சாமான் எவ்வளவு இருந்தாலும், தாயின் சாமானுக்கென்று ஜிப் வைத்த ஒரு துணி உறை மேலாக இருக்க வேண்டும். அந்த உறையில் பிள்ளையின் சாமான் ஒன்றுகூடப் போகக் கூடாது.

உறைக்குள் என்ன? முதலாவதாக ஒரு மாற்றுச் சட்டை. பிள்ளைக்கு இரண்டு மூன்று மாற்றுடுப்பு எடுக்காத தாய் இல்லை, தனக்கு ஒன்று எடுக்கிற தாய் குறைவு. மடியில் இருக்கிற பிள்ளை வாந்தி எடுத்தால் நனைவது இரண்டு பேரும். பிள்ளைக்கு உடுப்பு மாற்றிவிட்டு, தாய் அந்த வாடையோடு குடிவரவு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சேலை உடுத்திப் போகிறவருக்கு இது சிரமம், விமானக் கழிவறைக்குள் சேலை மாற்ற இடமில்லை. பயணத்துக்கு மட்டும் சுடிதார், உறையில் இன்னொரு மேல்சட்டை என்று வைத்துக்கொள்வது சுகம். அழுக்கானதைச் சுருட்டி வைக்க வாய் மூடும் பொலித்தீன் பை இரண்டு. சானிட்டரி நாப்கின்களைக் கணக்குப் பார்க்காமல் வையுங்கள், பயண அலைச்சலில் தேதி முன்னே பின்னே போவது சாதாரணம். பிரஷர், சீனி, தைரொயிட் மாத்திரை எடுக்கிறவர்கள் கூடுதலாக இரண்டு மூன்று நாளுக்கு உள்ளதை அதன் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையிலேயே வைக்க வேண்டும். சூட்கேஸ் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தப்பக் கூடாது.

தாய்க்கென்று சாப்பாடும் வேண்டும். பிள்ளை மிச்சம் வைத்த பிஸ்கட்டைத் தின்று பயணத்தை முடிக்கிற பழக்கத்தை விடுங்கள். சின்ன ரொட்டி இரண்டு, வறுத்த கடலை, ஒரு கதலிப்பழம் என்று காய்ந்த சாமானாக இருக்கட்டும். சம்பல், சட்னி, ஜாம், தயிர் எல்லாம் சோதனையில் திரவக் கணக்கில் வரும். 2006இல் இருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி திரவமும் பசையும் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றர் போத்தலுக்குள், எல்லாம் சேர்த்து ஒரு லீற்றர் கொள்ளும் தெளிவான பைக்குள் இருக்க வேண்டும். சித்தாலேப தைலத்தின் சின்ன டப்பா அதில் தாராளமாக அடங்கும். குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் அவசிய மருந்துக்கும் பயணத்துக்கு வேண்டிய அளவில் விலக்கு உண்டு, கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். தாயின் தண்ணீருக்கு விலக்கு இல்லை. வெறும் போத்தலோடு போய்ச் சோதனை முடிந்தபின் நிரப்பலாம். விமானத்துக்குள் காற்று மிகவும் காய்ந்தது, பால் கொடுக்கும் தாய் அடிக்கடி குடிக்க வேண்டும்.

போத்தலைத் திறப்பதில் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுக்கலாம். கீழ்நாட்டில் அடைத்த சிப்ஸ் பக்கெட் நுவரெலியாக் கடையில் ஊதிப்போய்த் தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தத்தை ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் உள்ளது போல வைத்திருப்பார்கள். நுவரெலியா ஆறாயிரத்து நூறு அடிக்குச் சற்று மேல். கட்டுநாயக்கவில் இறுக்கி மூடிய ஸ்ட்ரோ போத்தலை மேலே போய்த் திறந்தால் தண்ணீர் தாயின் முகத்தில் பீச்சும். முதலில் மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டபின் ஸ்ட்ரோவை நிமிர்த்த வேண்டும். காது அடைப்பும் இதே கணக்குத்தான், இறம்பொடையில் இறங்கும்போது அடைக்கிற காது விமானம் இறங்கும்போதும் அடைக்கும். விழுங்கினால் திறக்கும். கைக்குழந்தைக்கு அந்த நேரம் பால் கொடுக்கலாம், பெரிய பிள்ளைக்குக் குறுக்குப் பையில் உள்ள டொபி. நான்கு வயதுக்குக் கீழே கடினமான டொபி வேண்டாம், தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு ஸ்ட்ரோ போட்ட தண்ணீர் போதும். திருச்சி விமானத்தில் ஏறி நிமிர்வதற்குள் இறக்கம் தொடங்கிவிடும், அதனால்தான் இவற்றை மேல்தட்டில் வைக்கக் கூடாது என்கிறேன்.

கணவனும் மனைவியுமாகப் போகும்போது பையைப் பிரிக்கிற விதம் மாறும். பிள்ளையை யார் அதிகம் தூக்குகிறாரோ அவரிடம் கடவுச்சீட்டுகள் இருக்கக் கூடாது, மற்றவரிடம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். பணத்தை மட்டும் இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பையைத் தூக்குவது தகப்பனின் வேலை என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டால் தாயின் உறைக்கு இடம் தானாகக் கிடைக்கும். தாய் மட்டும் பிள்ளையோடு போகும்போது இன்னொன்று முக்கியம். நம் வழக்கப்படி பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயர் வரும், தாயின் கடவுச்சீட்டில் அவர் தகப்பனின் பெயர் இருக்கலாம். பெயர்கள் ஒட்டாததைப் பார்த்துக் குடிவரவு அதிகாரி கேட்டால் காட்ட, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்புப் பிரதி ஒன்று குறுக்குப் பையில் இருக்கட்டும். வளைகுடாவில் வேலை செய்யும் தகப்பனைப் பார்க்கப் போகிறவர்கள், அவருடைய சம்மதக் கடிதத்தையும் கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்து வைப்பது நல்லது.

கூட அப்பாயியோ அம்மாயியோ வந்தால் அவருக்கும் தனியாக ஒரு சின்னப் பை, அவருடைய மாத்திரையும் கண்ணாடியும் மட்டும் வைத்து. பேரப்பிள்ளைகளின் சாமானை அவர் தோளில் ஏற்றாதீர்கள்.

இலண்டன், மெல்பேர்ன் போல பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கிறவர்களுக்கு மேலே சொன்ன தேர்வில் ஒரு திருத்தம். குழந்தைத் தொட்டில் கிடைக்கும் முதல் வரிசை இருக்கையைக் கேட்டு வாங்கினால் முன்னால் சுவர்தான் இருக்கும், அடியில் பை வைக்க இருக்கை இருக்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் முதுகுப்பையை மேல்தட்டில் வைக்கச் சொல்வார்கள். அந்த அரை மணி நேரத்துக்கு வேண்டிய பால் போத்தல், துடைக்கும் துணி, ஒரு பம்பஸ், வாந்திப் பை ஆகியவற்றைத் தனியாக எடுத்து இருக்கைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளக் குறுக்குப் பை சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். தாய்க்கு மாற்றுச் சட்டையோடு மாற்றுக் கால்சட்டையும், பல்துலக்கியும், காலுறையும் சேரும். இந்த நீண்ட பயணத்துக்குத் துணையாக இன்னொரு பெரியவர் வந்தால் அவர் ஒரு டிராலி எடுத்தாலும் குறையில்லை, அவர் கை காலியாக இருக்கிறது.